பேருந்துக்கு வழிவிடுமா அரசியல்?

ஒரு மாநிலத்தின் போக்குவரத்துக் கொள்கை எத்தகையது என்பதை அறிய, அங்குள்ள மேம்பாலங்களை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், ஏறிய பிறகு சேருமிடத்தை அடைய எவ்வளவு நேரமாகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். அந்த விடையில்தான் அரசின் முன்னுரிமைகள் அடங்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் அரசியல் துணிவுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பெரும் தனியார் நிறுவனங்களின் கையிலிருந்த பேருந்து வழித்தடங்கள் அரசுடைமையாக்கப்பட்டு, 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் ஆகிய போக்குவரத்துக் கழகங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. வருவாய் தரும் தடங்களில் மட்டுமன்றி, தொலைதூரச் சிற்றூர்களுக்கும் பேருந்து செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் இரண்டு தலைமுறை மக்கள் சென்றுவந்தது அந்த முடிவின் பயனாகத்தான்.

2021 மே மாதத்தில் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற நாளன்றே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்வதற்கான கோப்பில் மு.க. ஸ்டாலின் கையொப்பமிட்டார். கர்நாடகமும் தெலங்கானாவும் 2023இல் இதுபோன்ற திட்டங்களைத் தொடங்கின. பெண்களின் பயணத்தை இலவசம் என்று எள்ளி நகையாடியவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் பெண்ணின் மாத வருமானத்தில் பேருந்துக் கட்டணம் எவ்வளவு பெரிய பங்கு என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். நான் இத்திட்டத்தை முழுமனத்தோடு ஆதரிப்பவன்.

ஆனால், பயணி செலுத்தும் விலை பணம் மட்டுமன்று. காலமும் ஒரு விலைதான். கட்டணமில்லாப் பேருந்துக்காக நெடுநேரம் காத்திருக்கும் பெண், வேலைக்குத் தாமதமாகிறது என்று பங்கு ஆட்டோவில் ஏறிவிட்டால் அவருக்குச் சலுகையின் பயன் அன்று கிட்டுவதில்லை. காத்திருந்து ஏறுபவரோ, ஊதியமில்லாத ஒரு மணி நேரத்தைச் சாலையில் இழக்கிறார். கட்டணச் சுமையைக் குறைத்த அரசியல், காலச் சுமையைக் குறைக்க இன்னும் முன்வரவில்லை.

காலச் சுமையைக் குறைக்க வேண்டுமென்றால், கூடுதல் பேருந்துகளை வாங்குங்கள் என்பதே பலரின் உடனடி விடையாக இருக்கும். அது தேவைதான். ஆனால், அதைவிடச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. அதற்கு ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

20 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வழித்தடத்தில் 16 பேருந்துகள் ஓடுவதாகக் கொள்வோம். நெரிசலால் அவற்றின் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால், ஒரு பேருந்து போய்த் திரும்ப 160 நிமிடங்கள் ஆகும். அப்போது நிறுத்தத்துக்குப் பத்து நிமிடங்களுக்கு ஒரு பேருந்து வரும். அதே பேருந்துகள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல முடிந்தால், போய்த் திரும்ப 120 நிமிடங்கள் போதும். ஏழரை நிமிடங்களுக்கு ஒரு பேருந்து வந்துவிடும். எட்டு மணி நேரத்தில் மூன்று நடை சென்றுவந்த பேருந்து, இப்போது நான்கு நடை செல்லும். பழைய வேகத்திலேயே இந்த இடைவெளியை எட்ட வேண்டுமானால், அந்த ஒரு வழித்தடத்துக்கு மட்டும் மேலும் ஐந்தாறு பேருந்துகளும், அவற்றுக்கான ஓட்டுநர்களும் நடத்துநர்களும் தேவைப்படுவார்கள். முனையங்களில் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் எண்கள் சற்று மாறலாம். கணக்கின் சாரம் மாறாது.

பேருந்தை விரைவாகச் செல்லவிடுவது, செலவில்லாமல் புதிய பேருந்துகளை வாங்குவதற்குச் சமம். எரிபொருள் விலை ஏறும்போதும் கட்டணத்தை உயர்த்தத் தயங்கும் ஒரு துறைக்கு இதைவிட நல்ல உதவி வேறில்லை. 2011 நவம்பரில் உயர்த்தப்பட்ட கட்டணம், அதன்பின் 2018 ஜனவரியில்தான் மீண்டும் உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் சுமை பேருந்துகளின் பராமரிப்பிலும், தொழிலாளர்களின் ஓய்வூதியப் பலன்களிலும் வந்து விடிந்தது.

பேருந்தின் வேகம் கூடுவதற்குத் தேவையானவை மூன்று: முதன்மைச் சாலைகளில் பேருந்துக்கென ஒரு தடம், சந்திப்புகளில் பேருந்துக்கு முன்னுரிமை தரும் சைகை விளக்கு, நிறுத்தங்களை அடைத்துக்கொண்டு நிற்கும் வாகனங்களை அப்புறப்படுத்துதல். இவற்றுக்கு ஆகும் செலவு, 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு ரூ.63,246 கோடி என மதிப்பிடப்பட்ட சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துடன் ஒப்பிட்டால் மிக அற்பம். மெட்ரோ வேண்டாம் என்பது என் வாதமன்று. அது சென்றடையாத தெருக்களில்தான் பெரும்பாலோர் வாழ்கிறார்கள் என்பதையே நினைவூட்டுகிறேன்.

பிறகு ஏன் இது நடக்கவில்லை? 1972இல் நடந்த மாற்றத்தால் இழப்புக்கு உள்ளானவர்கள் ஒரு சில நிறுவனத்தார். 2021இல் தனிப்பட்ட முறையில் எவரும் எதையும் இழக்கவில்லை, கருவூலம் ஏற்றுக்கொண்டது. சாலையில் ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்கும்போதோ, கார் வைத்திருப்பவரும், கடை வாசலில் வண்டியை நிறுத்துபவரும் தம் வசதியில் சிறிதளவை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்களுடைய குரல் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் ஊடகங்களையும் எளிதில் சென்றடையும். நிறுத்தத்தில் நிற்பவரின் குரல் அவ்வளவு தொலைவு செல்வதில்லை.

தில்லியின் அனுபவம் இதற்குச் சான்று. அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துத் தனித்தடம் 2008இல் அமைந்தது. வடிவமைப்பில் குறைகள் இருந்தன. ஆயினும் அவற்றைச் சீர்செய்வதைவிட, தடத்தையே நீக்குவது பற்றிய பேச்சுதான் மேலோங்கியது. தடத்துக்கு எதிரான வழக்கை தில்லி உயர் நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் காப்பாற்றிய அந்தத் தடத்தை 2016இல் அரசே அகற்றியது.

ஸ்டாக்ஹோம் வேறு வழியில் சென்றது. நகரின் மையப் பகுதிக்குள் வரும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் என்றபோது அங்கும் எதிர்ப்பே மிகுந்திருந்தது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை முறையில் அதை நடைமுறைப்படுத்தினார்கள். அதற்கு முன்பே பேருந்து வசதியைப் பெருக்கினார்கள். வாகனப் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் கண்ணாரக் கண்டார்கள். அதன் பிறகு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களில் பெரும்பான்மையோர் ஆதரித்தார்கள். லண்டனில் 2003இல் நெரிசல் கட்டணத்தைக் கொண்டுவந்த மேயர் கென் லிவிங்ஸ்டன், மறு ஆண்டே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பலன் கண்ணுக்குத் தெரிந்தால் வாக்காளர் தண்டிப்பதில்லை என்பதே இவற்றின் பாடம்.

நம் சாலைகள் குறுகியவை, ஐரோப்பாவின் உதாரணம் இங்கே பொருந்தாது என்பார்கள். சாலை குறுகியது என்பதே பேருந்துக்கு முன்னுரிமை தருவதற்கான முதற்காரணம். இரண்டு மூன்று கார்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு பேருந்து ஐம்பது பேரைச் சுமந்து செல்கிறது. சாலையைப் பகிர்வதில் வாகனங்களைவிட மனிதர்களையே மையமாகக் கொள்ள வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் கூறுகிறது. கொள்கை எழுதப்பட்டு இருபது ஆண்டுகளாகியும், சென்னையின் முதன்மைச் சாலைகளில் பேருந்து மற்ற வாகனங்களோடு வரிசையில்தான் நிற்கிறது.

நிர்வாகச் சிக்கலும் ஒன்று உண்டு. பேருந்து போக்குவரத்துத் துறையிடமும், சாலை நெடுஞ்சாலைத் துறையிடமோ மாநகராட்சியிடமோ, சைகை விளக்கு காவல் துறையிடமும் இருக்கின்றன. இவற்றை ஒருங்கிணைக்கவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. ஆனால், முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்ததோ 2022இல்தான். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே பயணச்சீட்டு என்ற வசதியை 2025இல் இக்குழுமம் கொண்டுவந்தது வரவேற்கத்தக்கது. பயணச்சீட்டை ஒன்றாக்கிய அமைப்புக்கு, சாலையைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரத்தையும் அரசு உண்மையாகவே வழங்க வேண்டும்.

அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று, கோவையில் ஒன்று என நெரிசல் மிகுந்த மூன்று சாலைகளைத் தேர்ந்தெடுத்து, காலையிலும் மாலையிலும் மட்டும் ஒரு தடத்தைப் பேருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒதுக்கட்டும். ஆறு மாதங்கள் நடத்தட்டும். பேருந்தின் வேகம், பயணிகளின் எண்ணிக்கை, காத்திருப்பு நேரம், கடைகளின் வணிகம் ஆகிய அனைத்தையும் அளந்து, மாதந்தோறும் வெளியிடட்டும். பலனில்லை என்றால் கைவிடுவதற்குப் பெரிய இழப்பு ஏதுமில்லை.

இதற்குக் கல்வெட்டும் திறப்பு விழாவும் கிடையாது என்பது உண்மைதான். பத்து நிமிடக் காத்திருப்பு ஏழரை நிமிடமாகக் குறைந்ததை எந்தத் தலைவரும் நாடா வெட்டித் தொடங்கிவைக்க முடியாது. ஆனால், நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு அது தெரியும். வாக்குச்சாவடியிலும் வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தாம்.