செம்புக் குழாய்க் கணினி
நீரால் குளிரும் மேசைக் கணினி. பழைய பாணியில் கையால் வடிவமைக்கப்படும் வகை. செம்பு, பித்தளை, மரச்சட்டம். 21ஆம் நூற்றாண்டு.

தோற்றம்தான் பழையது, உள்ளே இருப்பது இன்றைய செயலி. அதன்மேல் அழுந்தி நிற்கும் செம்புக் கட்டியைப் பாருங்கள். இந்தப் பொறியின் உயிர்நாடி அதுவே. உட்புறம் மயிரிழை போல மெல்லிய பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். பம்ப் தள்ளும் நீர் அவற்றில் பாய்ந்து சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மின்விசிறி அதை ஆற்றுகிறது. ஒரே கன அளவில், நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்தும்.

செம்பும் பித்தளையும் அழகுக்காக மட்டும் தேர்ந்தவை அல்ல. செம்போடு அலுமினியத்தை ஒரே நீரோட்டத்தில் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

ரேடியேட்டரால் நீரை அறைக் காற்றைவிடக் குளிரவைக்க முடியாது. ஆகவே ஊருக்கேற்ப வடிவமைப்பும் மாற வேண்டும். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் பாலக்காட்டில் பெரிய ரேடியேட்டர் தேவை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் சிறியதே போதும். நீர் அறைக் காற்றைவிடக் குளிராததால்தான் இடுக்கியின் அடைமழையிலும் குழாய்கள் வியர்ப்பதில்லை.

நீரால் கணினியைக் குளிர்விப்பது புதிதல்ல: 1960களின் ஐபிஎம் 360/91 நீரால் குளிர்ந்த கணினி. 2019இல் புனேயில் இயங்கத் தொடங்கிய பரம் பிரம்மா மீத்திறன் கணினியும் திரவத்தால் குளிர்வதே.