பவளத்திற்கு ஏற்ற ஒளி



முன்பு என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது சிங்கப்பூரில் வாழ்கிறார். தம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, கடல்நீர் நிரப்பி, பண்ணையில் வளர்த்து விற்கப்படும் பவளத் துண்டுகள் ஐந்தை வாங்கி வளர்த்து வந்தார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஐயா, பழைய விளக்கு மங்கலாக இருக்கிறதென்று எண்ணி, இருப்பவற்றுள் மிகப் பெரிய எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டினேன். பத்தே நாளில் பவளங்கள் சுண்ணாம்புபோல் வெளுத்துவிட்டன. ஒளி உயிர் தரும் என்று கற்பித்தீர்களே. அது உயிரை எடுக்கவும் செய்யுமா?" என்று கேட்டிருந்தார். கற்பித்தவன் விடை கூறக் கடமைப்பட்டவன் அன்றோ? அவருக்கு எழுதிய விடையையே இன்று உங்கள்முன் விரித்துரைக்க எண்ணுகிறேன்.

முதலில், பவளம் என்பது யாது? அது கல்லன்று, செடியுமன்று. சின்னஞ்சிறு விலங்குகள் பல கூடி வாழும் குடியிருப்பே பவளம். அவை தம் அடியில் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய வீட்டையே நாம் பவளப்பாறை என்கிறோம். அவ்விலங்குகளின் உடலுக்குள், கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு ஆக்குகிறது. அதன் பெரும்பங்கைத் தனக்கு இடம் தந்த விலங்குக்கு அளிக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் பலவற்றில், தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்பாசிகளே தருவதுண்டு. ஆகவே, பவளத்திற்கு விளக்குத் தேடுகிறோம் என்றால், உண்மையில் அதனுள் வாழும் பாசிக்கே விளக்குத் தேடுகிறோம். இந்த ஒன்றை மறந்தால் மற்றனைத்தும் தவறிப்போகும்.

அப்பாசி பழகிய ஒளி எத்தகையது? ஞாயிற்றின் ஒளி கடலுள் இறங்கும்பொழுது, நீர் முதலில் சிவப்பு நிறத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தெளிந்த கடலிலும் 10 மீட்டர் ஆழத்திற்குள் சிவப்பு பெரும்பாலும் மறைந்துபோகும். நீல ஒளியே நெடுந்தொலைவு இறங்கும். எனவே பவளப் பாசிகளின் நிறமிகள் நீல ஒளியைப் பற்றிக்கொள்வதில் மிகத் தேர்ந்தவை.

முன்னாளில் இத்தகைய தொட்டிகளுக்குக் குழல் விளக்குகளையும், மெட்டல் ஹாலைடு விளக்குகளையும் பயன்படுத்தினர். மெட்டல் ஹாலைடு விளக்குகள் தொட்டி நீரையே சூடாக்கிவிடும். எல்.இ.டி. விளக்கு இக்குறையைப் பெரிதும் நீக்கியது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் எல்.இ.டி. 1962-லேயே தோன்றியது, ஆனால் ஒளிமிக்க நீல எல்.இ.டி. 1990-களில்தான் கைகூடியது. அதனை ஆக்கித் தந்த அகாசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. பவளம் விரும்பும் நிறத்தை மட்டும் தேர்ந்து தரவும், வேண்டிய அளவுக்குக் கூட்டவோ குறைக்கவோ செய்யவும் இவ்விளக்கால் இயலும்.

இனி, விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். கடைகளில் விளக்கின் பெட்டிமேல் இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று வாட், மற்றொன்று லூமென். வாட் என்பது விளக்கு உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அது வெளிவிடும் ஒளியின் அளவன்று. லூமென் என்பதோ மனிதக் கண்ணுக்கு அவ்வொளி எவ்வளவு பிரகாசமாகத் தோன்றும் என்பதற்கான அளவு. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைக் காண்பதில் வல்லது. 450 நானோமீட்டர் நீலத்தை மிக மங்கலாகவே உணரும். ஒரே ஆற்றலுடைய இரு கதிர்களில், அந்த நீலக்கதிர் பெறும் லூமென் மதிப்பு, பச்சைக்கதிர் பெறுவதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் பாசிக்கோ அந்த நீலமே சிறந்த உணவு! ஆகவே லூமெனை நம்பி வாங்குவது, விருந்தினரின் பசியை அறியாது நம் நாவுக்குச் சுவைத்ததைச் சமைப்பது போன்றதாகும்.

பின் எதனை அளப்பது? ஒளிச்சேர்க்கைக்கு உதவும் கதிர்வீச்சை, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களின் எண்ணிக்கையை அளக்கவேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடியில் எத்தனை மைக்ரோமோல் துகள்கள் விழுகின்றன என்பதே கணக்கு. ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 6-க்குப் பின் 17 சுழிகள் இட்ட எண்ணிக்கை. நண்பகல் வெயிலில் கடல்மட்டத்தில் இவ்வளவு ஏறத்தாழ 2000 இருக்கும். தொட்டியில் வளரும் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதுமானது. கிளைவிட்டு வளரும் கற்பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும். இதற்கெனக் கருவி உண்டு. நீருக்குள் பவளம் இருக்கும் இடத்திலேயே அதனை வைத்து அளக்கவேண்டும். விளக்கின் அருகில் அளந்து பயனில்லை.

இன்னும் இரண்டு செய்திகளை நோக்கவேண்டும். ஒன்று, ஒளி பரவும் முறை. குறுகிய கற்றையாக இறங்கும் ஒளி ஓரிடத்தைச் சுடும். பக்கத்தில் நிழலை வீழ்த்தும். ஒரே பெருவிளக்கினும், தொட்டி முழுதும் பரந்த பல சிறு விளக்குகள் நன்று. மற்றொன்று, காலம். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஒளியும், எஞ்சிய நேரம் இருளும் பவளத்திற்குப் பொருந்தும்.

என் மாணவர் செய்த பிழை யாது? விளக்கு தீயதன்று, மாற்றமே திடீரென வந்தது. மங்கலொளியில் பழகிய பாசி, தாங்கவொண்ணாப் பேரொளியைப் பெற்றபொழுது, அதன் உள்ளமைப்பில் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வகைகள் தோன்றின. அவற்றிற்கு அஞ்சி வீட்டுக்காரன் குடியிருப்பவனை வெளியேற்றுவது போலப் பவளம் பாசியைத் துரத்திவிட்டது. நிறம் தந்தது பாசியே ஆதலின், வெறும் சுண்ணாம்பு வெளித்தெரிந்தது. வெளுத்த பவளம் இறந்த பவளமன்று, பசித்திருக்கும் பவளம். ஒளியைக் குறைத்து, பின் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டும்படி எழுதினேன். இரண்டு மாதங்களுக்குப்பின் விடை வந்தது: ஐந்தில் மூன்று மீண்டும் நிறம் பெற்றன, இரண்டு மாண்டன.

பவளத்திற்கு ஒளி உணவு மட்டுமன்று. அதுவே நாட்காட்டியும் ஆகும். பல பவளங்கள் ஆண்டில் ஓரிரு இரவுகளில், நிலவின் கணக்குப்படி முட்டையிடுகின்றன. லண்டனிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தார், தொட்டிகளின்மேல் ஞாயிற்றின் உதயத்தையும் மறைவையும், நிலவின் வளர்தலையும் தேய்தலையும் விளக்குகளால் நடித்துக் காட்டி, பவளங்களை முட்டையிடச் செய்தனர். அவர்களோடு கூடி உழைத்த ஃபுளோரிடா மீன்காட்சியகத்தில், 2019-ஆம் ஆண்டு, அழிவின் விளிம்பிலிருந்த தூண்பவளம் ஆய்வுக்கூடத்திலேயே முட்டையிட்டது. சரியாகத் தேர்ந்த விளக்கு ஓர் இனத்தின் சந்ததிக்கே வழிகாட்டியது என்பதை எண்ணிப்பாருங்கள்.

இதனைக் கேட்டு நம் நாட்டு மாணவர் எவரும் கடலுக்குச் சென்று பவளம் பறித்துவர நினையாதிருப்பார்களாக. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் இடம்பெற்றுள்ளன; அவற்றைப் பறிப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத் திட்டுகள் உள்ளன. அங்கே ஞாயிறே விளக்கு. நீர் கலங்கிச் சேறு படிந்தால் அவ்விளக்கு மங்கும். கடல் சூடேறினால் பாசி வெளியேறும். என் மாணவர் தம் தொட்டியில் கண்ட அதே வெளுப்பு அங்கும் தோன்றும். தொட்டியிலாயின் விளக்கைத் தணிக்கலாம். கடலில் அவ்வாறு தணிக்கும் விசை எதுவும் நம் கையில் இல்லை. ஆதலின் அங்குள்ள நீரைத் தெளிவாக வைத்திருப்பதே நாம் செய்யத்தக்க பணியாகும்.