மத்தி மீன் மூட்டுவலிக்கு நல்லதா, கெட்டதா? வீட்டு வைத்தியம் எதுவரை உதவும்?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'அம்மாவுக்கு மூட்டுவலி' என்று ஒரு வரி போட்டால் போதும். அரை மணி நேரத்தில் பத்து வைத்தியம் வந்து விழும். முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப், மஞ்சள் பால், வெந்தயத் தண்ணீர்... கூடவே, 'உருளைக்கிழங்கைத் தொடவே கூடாது, எல்லாம் வாயு' என்று பெரியப்பாவின் எச்சரிக்கையும் வரும். 'எந்த மூட்டுவலி?' என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலில் கேட்க வேண்டியதே அதுதான். ஆர்த்ரைடிஸ் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. 100க்கும் மேற்பட்ட மூட்டு நோய்களுக்கான பொதுப் பெயர். தமிழில் நாம் கீல்வாதம், முடக்குவாதம், மூட்டுவாதம் என்று எல்லாவற்றையும் கலந்து சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒருவகை வலிக்கு உதவும் உணவு, இன்னொரு வகைக்கு வலியைக் கூட்டும்.

நல்ல உதாரணம் மத்தி மீன். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு, முடக்குவாதத்தின் வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். அதே மத்தி, யூரிக் ஆசிட் கூடியவர் தட்டுக்குப் போனால் அன்றிரவே கால் கட்டைவிரல் வீங்கித் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

எந்த வலி, எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் வீடுகளில் அதிகம் காணப்படுபவை மூன்று.

மூட்டுத் தேய்மானம்: பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. முழங்கால், இடுப்பு, கைவிரல் நுனி மூட்டுகளில் வலிக்கும். நடந்தால், படி ஏறினால், தரையில் சம்மணமிட்டு எழுந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் மூட்டு இறுக்கமாக இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும்.

முடக்குவாதம் எனும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்: இது தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய். 30 வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம். இரண்டு கைகளிலும் ஒரேமாதிரி விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். காலை இறுக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டும். பலருக்கு ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். ஓய்வெடுத்தால் குறையாது, அசைய அசையத்தான் இளகும். கூடவே அசதி, லேசான காய்ச்சல் இருக்கலாம்.

கவுட்: ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, மூட்டுக்குள் ஊசி போன்ற படிகங்களாகப் படிவதால் வருவது. ஆண்களுக்கு அதிகம். நள்ளிரவில் திடீரென்று கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர்போகும் அளவுக்கு வலித்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இவை தவிர, சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலியும் உண்டு. சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு வரும் மூட்டு வீக்கம் வேறு கதை.

ஏன் அவசரம்?

தேய்மான வலிக்கு நான்கு மாதம் கஷாயம் குடித்துப் பார்த்தால் பெரிய இழப்பு இல்லை. முடக்குவாதத்தில் அப்படி அல்ல. நோய் தொடங்கிய முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை. அந்தக் காலத்திலேயே சரியான மருந்து ஆரம்பித்தால் பலருக்கு நோய் அடங்கிவிடும். விட்டுவிட்டால் முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கலாம். அப்படி வளைந்த விரலை எந்தத் தைலமும் நிமிர்த்தாது.

'கம்ப்யூட்டர்ல ரொம்ப நேரம் டைப் பண்றேன், அதான் விரல் வலிக்குது' என்று 32 வயதுக்காரர் தள்ளிப்போடுவதும், 'பிரசவத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் வர்றதுதான்' என்று வீட்டில் சமாதானம் சொல்வதும் இந்த முக்கியமான மாதங்களைத்தான் வீணாக்குகின்றன.

சரி, சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

தேய்மானத்துக்கு உடல் எடையைக் குறைப்பதே முதல் மருந்து. ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் 20 கிலோ லாபம். அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 454 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

இதற்குத் தனி டயட் எதுவும் வேண்டாம். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியல், கூட்டு, சுண்டல், பருப்பு, முட்டை என்று நிரப்பினாலே பாதி வேலை முடிந்தது. மாலை நேர வடை, பஜ்ஜி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றைக் குறைத்தால் மீதி.

முடக்குவாதத்துக்கு மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களை வாரம் இரண்டு முறை குழம்பாக வைத்துச் சாப்பிடலாம், பொரிக்க வேண்டாம். காலை இறுக்கம் குறைவதாக ஆய்வுகள் காட்டுவது பெரும்பாலும் தினமும் சுமார் 3 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களிடம்தான். குழம்பு மீனில் அந்த அளவு கிடைக்காது. மாத்திரையாக எடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். சைவர்களுக்கு ஆளி விதையும் வால்நட்டும் நல்ல உணவுகளே. ஆனால் அவற்றிலுள்ள ஒமேகா-3 வேறு வகை, அதில் கொஞ்சம்தான் மீனில் உள்ள வகையாக உடலில் மாறும். சிகரெட் பிடிப்பவர் எந்தக் கீரை சாப்பிட்டாலும், முதலில் சிகரெட்டை நிறுத்த வேண்டும். புகை முடக்குவாதத்தை வரவழைக்கும் காரணிகளில் ஒன்று; மருந்தின் பலனையும் குறைக்கும்.

கவுட் உள்ளவர்கள் குறைக்க வேண்டியவை: ஈரல், குடல், சுவரொட்டி போன்ற உள்ளுறுப்புக் கறிகள், ஆட்டிறைச்சி, மத்தி, நெத்திலி, மது, அதிலும் குறிப்பாக பீர். இனிப்புக் குளிர்பானங்களையும் மறக்கக் கூடாது. அதிலுள்ள ஃப்ரக்டோஸ் யூரிக் ஆசிட்டைக் கூட்டும்.

பருப்பு, கீரை, காலிஃபிளவர் வேண்டாம் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் கவனித்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பியூரின் அதிகமுள்ள காய்கறிகளால் கவுட் ஆபத்து கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. அதனால் சாம்பாரைத் தைரியமாக ஊற்றிக்கொள்ளலாம், மோரும் நல்லது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் யூரிக் ஆசிட் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும். 9 இருப்பவர் 6க்குக் கீழே வர, மாத்திரை இல்லாமல் கஷ்டம்.

பாட்டி வைத்தியங்களில் எது தேறும்?

மஞ்சள்: இதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் பால் டம்ளரில் இல்லை. தாய்லாந்தில் 2014இல் வெளியான ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு 4 வாரம் கொடுத்த மஞ்சள் சத்து, ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடாக வலியைக் குறைத்தது. அங்கே கொடுத்தது தினமும் 1,500 மி.கி. செறிவூட்டிய சத்து. நம் சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுக்கே இருக்கிறது. ஒரு டீஸ்பூன் தூளில் 100 மி.கி.கூடத் தேறாது, அதுவும் சரியாக ரத்தத்தில் சேராது. மிளகிலுள்ள பைப்பரின் அதை 20 மடங்கு கூட்டும் என்று பெங்களூரில் நடந்த 1998 ஆய்வு சொல்கிறது. 'அப்படின்னா மஞ்சள்-மிளகு கேப்ஸ்யூல் வாங்கிடலாமே' என்று தோன்றும். பொறுங்கள். அதிக அளவு குர்குமின் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சமையலில் போடும் மஞ்சளால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

முடக்கத்தான்: பெயரே முடக்கு அறுத்தான் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆய்வகத்திலும் எலிகளிலும் வீக்கத்தைக் குறைப்பது தெரிகிறது. மனிதர்களிடம் பெரிய ஆய்வுகள் இன்னும் தேவை. தோசையாகச் சாப்பிடுவதில் தடையில்லை. மருந்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆட்டுக்கால் சூப்: எலும்பில் உள்ள கொலாஜன் நேராக நம் முழங்காலில் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிற்றில் மற்ற புரதங்களைப் போலவே செரிமானமாகிவிடும். பிடித்தால் குடிக்கலாம், மருந்து என்று நினைக்க வேண்டாம். கடையில் விற்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கும் இதே நிலைதான். 1,583 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக வலியைக் குறைக்கவில்லை.

உருளைக்கிழங்கு, கத்திரிக்காய், தக்காளி: இவை மூட்டுவலியைக் கூட்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் தனக்கு வலி கூடுகிறது என்று சந்தேகம் இருந்தால், இரண்டு மூன்று வாரம் அதை மட்டும் நிறுத்திப் பார்த்து மறுபடி சாப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்கினால் சத்துக் குறைவுதான் மிஞ்சும்.

ஒத்தடம்: இது நிச்சயம் உதவும். காலை இறுக்கத்துக்கும் தேய்மான வலிக்கும் சூடு. திடீரென வீங்கிச் சிவந்த மூட்டுக்கு, குறிப்பாக கவுட் வலிக்கு, துணியில் சுற்றிய ஐஸ். எதுவானாலும் 15 நிமிடம் போதும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. கொப்பளித்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு உப்பு ஒத்தடம், செங்கல் ஒத்தடம் எல்லாம் வேண்டாம். எருக்கம் இலை கட்டுவதும் ஆபத்து. அதன் பால் தோலைப் புண்ணாக்கிவிடும்.

நாற்காலிதான் ஜிம்

முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை. அதை பலப்படுத்த இரண்டு பயிற்சி போதும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. அடுத்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். முடிந்த அளவுக்குச் செய்தால் போதும். பயிற்சிக்குப் பிறகு கூடிய வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுநாள் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பயிற்சியை விட்டுவிடக் கூடாது. 'வலிக்குது, அசையாம இரு' என்பது தேய்மானத்துக்குச் சொல்லும் தவறான அறிவுரை. தசை மெலிந்தால் வலி இன்னும் கூடும்.

மாயப் பொடி, தினசரி மாத்திரை

பெயரும் லேபிளும் இல்லாத பொட்டலத்தில் வரும் பொடி, மூன்றே நாளில் வலியைப் பறக்கவைத்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட சில மூட்டுவலி மாத்திரைகளில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பே 2022இல் எச்சரித்தது. முகம் உப்புவது, எடை கூடுவது, சர்க்கரையும் பிரஷரும் ஏறுவது ஆகியவை அறிகுறிகள். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு அதைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் பொட்டலத்தோடு போவதே நல்லது. சித்த மருத்துவம்தான் விருப்பம் என்றால், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவுகள் உண்டு.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான். தினமும் சாப்பிட்டால் வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, இதயத்துக்கு ஆபத்து. முழங்கால், கைவிரல் தேய்மானத்துக்கு மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், மாத்திரையைவிடப் பாதுகாப்பான முதல் தேர்வு.

டாக்டரிடம் எப்போது?

ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். சில நாள்களிலேயே மூட்டை அழித்துவிடும்.

காலை இறுக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டி, விரல் கணுக்கள் வீங்கி, ஆறு வாரமாகியும் குறையவில்லை என்றால் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட் எனும் மூட்டுவாத நோய் நிபுணர். எலும்பு அறுவை மருத்துவர் வேறு, இவர் வேறு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம். நோய் இல்லாதவர்களுக்கும் அப்படி வரலாம். நெகட்டிவ் என்றால் நோயே இல்லை என்றும் அர்த்தமில்லை.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால், அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு வரலாம்.

டாக்டரைப் பார்க்கும் முன் மொபைலில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம்: எந்தெந்த மூட்டு, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், எப்போதிலிருந்து, இதுவரை சாப்பிட்ட மாத்திரை, கஷாயம், பொடி எல்லாம். வீங்கியிருக்கும்போது ஒரு போட்டோவும் எடுத்து வைக்கலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் நாளில் வீக்கம் வடிந்துபோயிருக்கவும் வாய்ப்புண்டு.