பழைய மில் விளக்கு: எர்த் எங்கே, பில் எங்கே?

மூடிப்போன மில்லின் எனாமல் தொப்பி விளக்கு, குஜராத்தின் அலங்க் கரையில் உடைத்த கப்பலின் பித்தளைக் கூண்டு விளக்கு. இரண்டுக்கும் பாலிஷ் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கவிடும் மோகம் பெருகிவிட்டது. வாங்குபவர் துருவைப் பார்க்கிறார், நசுங்கலைப் பார்க்கிறார், பேரம் பேசி ஐந்நூறு குறைக்கிறார். உள்ளே ஓடும் வயரைப் பார்ப்பதில்லை. பில்லும் கேட்பதில்லை. ஷாக் அடித்த பிறகு “பழைய சாமான்தானே சார்” என்று கடைக்காரர் கையை விரித்தால், காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

பிரான்சின் லியோன் நகர மெக்கானிக் ழான்-லூயி தொமெக் 1950இல் தன் பட்டறைக்கென்று ஒரு விளக்கு வடிவமைத்தார். மடக்கி நீட்டும் கை விளக்குகளில் வயர் மூட்டில்தான் அறும். அதனால் மூட்டுகளில் வயரே ஓடாதபடி மின்தொடுப்பை உள்ளேயே வைத்தார். ஜியெல்தே என்ற பெயரில் அது இன்றும் தயாராகிறது. பழைய வடிவத்தை மீட்பவர்கள் இந்த அக்கறையையும் மீட்க வேண்டும். நம் பட்டறைகள் பலவற்றில் பெயின்டோடு வேலை முடிந்துவிடுகிறது.

முழுக்க இரும்பாலோ பித்தளையாலோ ஆன விளக்குக்கு எர்த் கட்டாயம் வேண்டும். இரண்டு முள் பிளக்கோடு வந்தால் வாங்கவே கூடாது. திருகு ஹோல்டரில் திருகுப் பகுதி நியூட்ரலில் இருக்க வேண்டும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அதுவே ஃபேஸ் ஆகிவிடும், பல்பைத் திருகும் விரல் அதில்தான் படும். சூடு தாங்கப் பின்னிய பழைய வயர் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உப்புத்தாள் போட்டு அதைத் தேய்ப்பது வினையை விலைக்கு வாங்குவது.

பில் வாங்குங்கள். கடையின் பெயர், முகவரி, தேதி, தொகை போதாது. “புதிதாக வயரிங் செய்து, எர்த் இணைத்து, மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) சோதித்தது” என்ற வரியும், வயரிங் செய்தவரின் உரிம எண்ணும் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வயர்மேன்களுக்கு உரிமம் தருவது கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். புது வயரின் ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பார்த்தால் அந்த உரிமம் உண்மையானதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 2(47) பிரிவு, பில் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 86ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பொருளை மாற்றியமைத்த விற்பனையாளர், அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால், பொறுப்பேற்க வேண்டும். “நாங்களா செய்தோம், வெள்ளைக்காரன் செய்தது” என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசலாம். ஆனால் புகார் எண் கைக்கு வந்ததுமே பலர் வழக்குப் போட்டாகிவிட்டதாக நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அது சமரச முயற்சி மட்டுமே. வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் இடம். விற்றவர் அலங்கில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில், படங்கள், மருத்துவமனைச் சீட்டு, கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிய நோட்டீஸின் நகல், அதன் ரசீது எல்லாம் இணைக்க வேண்டும். கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம். மனுப் போட்ட பிறகும் வழக்கு இழுக்கலாம்: இந்த ஆணையங்களின் காலியிடங்களை அரசுகள் நிரப்பாமல் கிடப்பில் போட்டதால், 2021இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஷாக் அடித்த விளக்கைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள், “சரிபண்ணித் தருகிறேன்” என்றாலும் கொடுக்காதீர்கள். 38ஆம் பிரிவின்படி ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். வயரை மாற்றிய பிறகு ஆய்வகத்தில் சோதிக்க ஒன்றுமிருக்காது. பிளக்கைப் பிடுங்கி, படமெடுத்து, அட்டைப்பெட்டியில் கட்டி வையுங்கள். பில்லை அதே பெட்டியில் போடாமல் தனியாக எடுத்து வையுங்கள்.