தன்னைப் பற்றி எழுதத் தயங்கும் தோட்டத்துப் பிள்ளைகள்

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் நாளில் ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஏ?" என்பதுதான். அதில் தவறேதும் இல்லை. ஆனால், அதற்கடுத்து வரும் உபகாரச் சம்பள விண்ணப்பங்களில் வேறொரு கேள்வியும் காத்திருக்கிறது. "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்பதே அது. எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகூட அந்த இடத்தில் பேனாவைப் பிடித்தபடி விழித்துக் கொண்டிருப்பது உண்டு. "எங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே அளவு புள்ளி பெற்ற பலர் ஓர் இடத்திற்குப் போட்டியிடும்போது, அந்த ஒரு பக்கமே முடிவைத் தீர்மானிக்கலாம்.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். எஸ்.டி.பி.எம். முடித்து யூ.பி.யூ. வழி அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனுச் செய்யும் மாணவர்களின் மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் உரியது. அங்கே கட்டுரைக்கெனத் தனிப் புள்ளி கிடையாது. ஆனால், சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. கட்டுரையில் எழுதவேண்டியதையே அங்கே வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா, யாயாசான் கசானா போன்றவை வழங்கும் உபகாரச் சம்பளங்களுக்குத் தேர்வு முடிவு மட்டும் போதாது. மாணவர் எப்படிப்பட்டவர் என்பதும் பார்க்கப்படுகிறது.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் அமைப்பின் வழி விண்ணப்பிக்க வேண்டும். முன்பு அதற்கு ஒரே நீண்ட கட்டுரை எழுத வேண்டியிருந்தது. 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தத் துறையை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், இதுவரை படித்த படிப்பு அதற்கு எப்படி உதவியது, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள் என்பவையே அவை. இடைவெளியையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துக்குறிகளுக்குள் முடித்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் பொது விண்ணப்பத்தில் கட்டுரையின் அளவு 250 முதல் 650 சொற்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காமலேயே வெளிநாட்டு மாணவர்களையும் தேர்ந்தெடுக்கின்றன. இடம் கிடைத்துவிட்டால் குடும்ப வருமானத்திற்கு ஏற்ப உதவித்தொகையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம் என்பது உண்மை. ஆனால், செம்பனைத் தோட்டத் தொழிலாளியின் மகள் என்பதற்காக அந்தக் கதவு மூடப்படுவதில்லை என்பதும் உண்மை.

234 பேரின் ஒரே கதை

கட்டுரை என்றதும் பல மாணவர்கள் தேடுவது ஒரு மாதிரிக் கட்டுரையைத்தான். மனப்பாடம் செய்து எழுதிப் பழகியதன் விளைவு இது. 2007-ஆம் ஆண்டில் யூகாஸ் ஒரு சோதனை நடத்தியது. ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவம் போன்ற துறைகளுக்கும் வந்த ஏறக்குறைய 50,000 கட்டுரைகள் கணினி வழி ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. எட்டு வயதில் இரவு உடையில் ஓட்டை விழும்படி எரித்துவிட்ட ஒரே சம்பவத்தை 234 பேர் தங்கள் சொந்த அனுபவமாக எழுதியிருந்தார்கள்! இணையத்தில் கிடைத்த மாதிரிக் கட்டுரையே இதற்குக் காரணம். அதன் பிறகு கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது யூகாஸின் வழக்கமாகிவிட்டது.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் கட்டுரை எழுதித் தருகின்றன. அப்படி எழுதப்பட்டதைத் தன் எழுத்தாகக் காட்டுவது மோசடி என்று அமெரிக்கப் பொது விண்ணப்பத்தின் விதி சொல்கிறது. விதி ஒருபுறம் இருக்கட்டும். "சிறு வயது முதல் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் இலட்சியம்" என்று எந்தச் செயலியும் எழுதித் தரும். ரந்தாவில் அந்தப் பிள்ளை உண்மையில் என்ன செய்தது என்பது அதற்குத் தெரியாது.

கஷ்டத்தை எழுதலாமா?

பெற்றோர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. தாராளமாக எழுதலாம். ஆனால், கஷ்டத்தை மட்டும் எழுதினால் படிப்பவர் இரக்கப்படுவாரே தவிர, அந்தப் பிள்ளையை அறிந்துகொள்ள மாட்டார். "என் குடும்பம் ஏழைக் குடும்பம், அப்பாவின் சம்பளம் போதாது" என்ற வரிகள் எத்தனையோ விண்ணப்பங்களில் வருகின்றன. வருமானத்தைக் காட்டுவதற்கு விண்ணப்பத்திலேயே தனி இடம் இருக்கிறது. அந்த நிலைமையில் பிள்ளை என்ன செய்தது என்பதுதான் கட்டுரையில் வரவேண்டும்.

உதாரணத்திற்கு, கணக்கியல் படிக்க விரும்பும் ஒரு மாணவி இப்படி எழுதுவதாக வைத்துக் கொள்ளலாம்:

"என் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். படிவம் 2 முதல் அவருடைய சம்பளச் சீட்டை நான்தான் படித்துச் சொல்வேன். ஒரு மாதம் அவர் சொன்ன குலைக் கணக்கும் சீட்டில் இருந்த கணக்கும் ஒத்துவரவில்லை. அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதி வைத்தோம். மூன்றாம் மாதம் அப்பா அதைக் கிராணியிடம் காட்டினார். ஏழு நாள் கணக்கு விடுபட்டிருந்தது தெரிந்தது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் தங்கள் சீட்டையும் கொண்டுவந்தார்கள்."

இதில் "நான் பொறுப்பானவள்", "நான் நேர்மையானவள்" என்ற சொற்களே இல்லை. ஆனாலும், படிப்பவருக்கு இரண்டும் தெரிந்துவிடுகிறது. கணக்கியல் ஏன் என்ற கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதியை அவள்தான் சொல்ல வேண்டும். ஏழு நாள் கணக்கு எப்படி விடுபட்டது, அதைத் தேடும்போது எதைக் கற்றுக்கொண்டாள், இன்னும் எது புரியவில்லை, அதற்குப் பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்க வேண்டும் என்பனவே அவை.

ரந்தாவில் கதை இல்லையா?

இந்த வட்டாரத்தில் எழுதுவதற்குப் பஞ்சமில்லை. தாத்தா காலத்துக் கித்தாக் காடு செம்பனையானது. செண்டாயானில் தோட்ட நிலத்தின் பெரும்பகுதி இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புதிய நகரமாகிவிட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளிகள், கோயில் திருவிழாக் கணக்கு, லயத்து வீடுகளுக்குச் சொக்சோ, இ.பி.எப். பாரங்களை நிரப்பிக் கொடுத்த அனுபவம் என எவ்வளவோ இருக்கின்றன. பாட்டியோடு மருத்துவமனைக்குப் போய், டாக்டர் மலாயில் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்ன பிள்ளைக்கு மருத்துவப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். இவையெல்லாம் சாதாரண வேலைகள் என்று பிள்ளைகள் நினைப்பதால்தான் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

எப்படி எழுதுவது?

முதலில், "வீட்டிலோ பள்ளியிலோ எந்த வேலைக்கு என்னைத் தேடி வருகிறார்கள்?" என்று கேட்டு ஐந்து பதில்கள் எழுத வேண்டும். அவற்றில் படிக்க விரும்பும் துறைக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பரிசுகளையும் பதவிகளையும் வரிசையாக அடுக்க வேண்டியதில்லை, அவை விண்ணப்பத்தின் வேறு பகுதியில் வந்துவிடும்.

பிறகு அந்தச் சம்பவத்தை அம்மாவிடமோ அண்ணனிடமோ தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். கேட்பவர் எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தில்தான் கட்டுரைக்கு உயிர் இருக்கிறது. அதன் பிறகு ஆங்கிலத்திலோ மலாயிலோ எளிய சொற்களில் எழுதினால் போதும். அகராதியில் தேடிப் பிடித்த பெரிய சொற்கள் தேவையில்லை.

எழுதி முடித்ததும் ஆசிரியர் ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் கேள்வி கேட்கலாம், இலக்கணப் பிழையைச் சுட்டிக்காட்டலாம், எழுதிக் கொடுக்கக் கூடாது. நேர்முகத் தேர்வில் அந்தக் கட்டுரையிலிருந்தே கேள்வி வரலாம். சொந்தமாக எழுதாத பிள்ளை அங்கே தடுமாறிவிடும். ஆசிரியரிடம் காட்டிய பின் இரண்டு நாள் ஒதுக்கி வைத்து, உரக்கப் படித்துத் திருத்த வேண்டும். "இதே வரியை வேறு யாராவது எழுத முடியுமா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பார்ப்பது நல்லது. முடியும் என்றால் அந்த வரியை எடுத்துவிடலாம்.

இந்தப் பயிற்சியை விண்ணப்பத்தின் கடைசி நாளில் தொடங்க முடியாது. படிவம் 4-இலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரம் அரைப் பக்கம், அந்த வாரம் செய்ததையும் யோசித்ததையும் எழுதி வரலாம். பெற்றோர்களும் "எத்தனை ஏ?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், "இந்த வாரம் என்ன எழுதினாய், படித்துக் காட்டு" என்றும் கேட்க வேண்டும். அந்த நோட்டின் விலை இரண்டு மூன்று ரிங்கிட்தான். டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டிலும் இதைச் செய்ய முடியும்.