கத்ரி கோபால்நாத்தும் சாக்சபோனும்: இசைக்கருவியின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இசைக்கருவிகளுக்குக் குலமோ நிறமோ இல்லை. அவற்றை ஏந்துவோருக்கு உண்டு. கோப்பாயிலும் அயற்கிராமங்களிலும் கோயில் வீதிகளில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தியன்று. கலைஞனின் வாசிப்புக்குத் தலையசைத்த ஊர், அவனது பிறப்பை மறக்கச் சம்மதித்ததில்லை. கத்ரி கோபால்நாத்தின் (1949-2019) இசைவாழ்வை இப்பின்னணியில் வைத்து நோக்குவது பயனுடையது.

சாக்சபோன் பெல்ஜியம் நாட்டவரான அடோல்ஃப் சாக்ஸ் ஆக்கியது. 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றது. ஐரோப்பிய இராணுவ வாத்தியக் குழுக்களில் இடம்பெற்ற அக்கருவியை இருபதாம் நூற்றாண்டிலே தமக்குரியதாக்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அடிமைத்தளையிலிருந்து 1865இல் சட்டப்படி விடுபட்டும் வாழ்வில் விடுபடாத ஒரு மக்கட் கூட்டத்தின் குரல் புளூஸ் ஆயிற்று. ஜாஸிலும் அது ஒலித்தது. கோல்மன் ஹோக்கின்ஸ் முதல் ஜோன் கோல்ற்றேன் வரை, மனிதக் குரலின் தழுதழுப்பைப் பித்தளைக் குழலுக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்களே.

அதே கருவி காலனித்துவத்தின் வழியே மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவையும் அடைந்தது. தென்கன்னடத்தில் நாதஸ்வரக் கலைஞர் தனியப்பாவின் மகனாகப் பிறந்த கோபால்நாத், இளமையில் அங்குதான் அதனைக் கேட்டார். மங்களூரிலே கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையிலே ரி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். கருவி கைவசப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன என்பர்.

இருபது ஆண்டுகள் ஏன்? நாதஸ்வரத்தின் துளைகள் திறந்தவை. விரலைச் சிறிது நகர்த்தியும், சீவாளியில் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு இழைந்து செல்லலாம். சாக்சபோனிலோ விரல் துளையைத் தொடுவதேயில்லை. விசையை அழுத்த, மூடி துளையை அடைக்கும் அல்லது திறக்கும். படிப்படியாக ஏறி இறங்கும் ஐரோப்பிய சுரவரிசைக்கென அமைந்த பொறி அது. கமகம் இல்லையேல் கர்நாடக இராகம் இல்லை. எனவே உதடு, மூச்சு, விசையின் அரைத்திறப்பு ஆகியவற்றாலேயே கமகத்தைப் பெறவேண்டியிருந்தது. கருவியிலும் அவர் சில மாற்றங்களைச் செய்துகொண்டார். புளூஸ் கலைஞரும் இதே பொறியோடுதான் மல்லாடினர். அவர்களது வளைந்த சுரங்கள் ஐரோப்பியச் சுரங்களின் இடைவெளிகளிலே வாழ்பவை. (இதனைக் கொண்டு இரண்டும் ஒரே இசை என்று கூறிவிடும் மேலோட்டமான கலப்பிசைப் பேச்சு எனக்கு உடன்பாடன்று. புளூஸின் வளைவு துயரத்திலும் உழைப்பிலும் பிறந்தது. கமகம் இராக இலக்கணத்தின் உயிர்நிலை.)

அந்நியக் கருவி என்ற ஆட்சேபம் வலுவற்றது. வயலின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கர்நாடக இசைக்குள் புகுந்துவிட்டது. கிளாரினெற் சதிர்க் கச்சேரிகளில் ஒலித்தது; பின்னர் ஏ.கே.சி.நடராஜன் அதனைத் தனிக் கச்சேரிக்குரியதாக்கினார். சபா மேடையில் வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் வீணைக்கும் கிடைத்த இடம் நாதஸ்வரத்துக்கு எளிதில் கிடைக்கவில்லை என்பதே கவனத்துக்குரியது. நாதஸ்வரக் குடும்பத்தின் மகன் ஒருவர் அந்த மேடையின் நடுவே அமர்வதற்குப் பித்தளைக் குழல் ஒன்று வழிசெய்தது. கோயிலின் வாசனையும் குலத்தின் முத்திரையும் அதில் இல்லாமையும் இதற்கு ஒரு காரணம் என்பது எனது துணிபு.

1980இல் பம்பாயில் நடைபெற்ற ஜாஸ் விழாவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோன் ஹாண்டி இவரது வாசிப்பைக் கேட்டுத் தம்முடன் மேடையில் சேர்ந்து வாசிக்க அழைத்தார். 1994இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பி.பி.சி. புரொமனேட் கச்சேரியில் வாசித்தார். அவ்வாண்டு வெளிவந்த கே.பாலச்சந்தரின் 'டூயட்' திரைப்படமே அவரைத் தமிழ்ப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. பிரபு ஏற்ற பாத்திரத்தின் சாக்சபோன் ஒலி இவருடையது. 2004இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கன்னடப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு, மாணவப் பருவத்திலே தமையனார் கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றை வேடிக்கைக்காகவே கொடுத்தாராம். இந்தியர் ஒருவர் சாக்சபோன் வாசிப்பதே அன்று நகைப்புக்குரியதாயிருந்தது. 2008இல் அவ்விருவரும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் 'கின்ஸ்மென்'. உறவினர் என்பது அதன் பொருள்.