கல்லூரி விண்ணப்பம்: ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் கவனம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ளது கணியம்பாடி. ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியும், பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஆனாலும் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைவிடச் சான்றிதழ்களே முதல் தடையாக நிற்கின்றன.

தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. இதைப் பெற, சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. லெப்பை, தக்கனி முஸ்லிம், ஷேக், சையத் என அரசுப் பட்டியலில் உள்ள பிரிவு குறிப்பிடப்பட வேண்டும். ஆதாரில் 'முஹம்மது', மதிப்பெண் பட்டியலில் 'முகமது' என்று பெயர் மாறியிருந்தாலும் சிக்கல்தான். மே மாதம் தேர்வு முடிவு வந்தபின் இ-சேவை மையத்துக்கு ஓடினால், சான்றிதழ் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடக்கூடும்.

அடுத்தது, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடும் விஷயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதில் பொறியியல் சேர்பவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் சேராது. நம் சமுதாயத்தவர் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பது தவறல்ல. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு 'புதுமைப் பெண்', மாணவர்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவர், முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்றால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம்.

இந்த விவரங்கள் படித்த வீடுகளுக்குத் தெரியும். படிக்காத பெற்றோருக்கு யார் சொல்வது? ஒவ்வொரு ஜமாஅத்தும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஜனவரியிலேயே சான்றிதழ்களைச் சரிபார்க்கட்டும். ஜும்ஆவுக்குப் பின் பட்டதாரி இளைஞர்கள் இருவர் ஒரு மணி நேரம் பள்ளிவாசலில் உட்கார்ந்தால் போதும். இன்ஷா அல்லாஹ், ஒரு பிள்ளையின் படிப்பு ஒரு காகிதத்தால் நின்றுபோகாது.